மின்வாரியமே சார்ஜிங் ஸ்டேஷன் வைத்தால் என்ன?

கேள்வி இதுதான்: "வீட்டில் சார்ஜ் போட்டால் யூனிட்டுக்கு ஆறேழு ரூபாயில் முடிகிறது. ஹைவேயில் ஃபாஸ்ட் சார்ஜரில் போட்டால் இருபதுக்கு மேல் கேட்கிறார்கள். இரண்டும் ஒரே கரண்ட்தானே? மின்வாரியமே எல்லா ஊரிலும் ஸ்டேஷன் வைத்து ஒரே விலைக்குக் கொடுக்கலாமே? ஒழுங்குமுறை ஆணையம் என்று ஒன்று இருந்தும் இதை ஏன் கட்டுப்படுத்துவதில்லை?"

உங்கள் எரிச்சல் நியாயமானதுதான். ஆனால் அதற்குக் காரணமான ஆள் நீங்கள் நினைக்கிற இடத்தில் இல்லை. இருபது ரூபாயில் கணிசமான பங்கு சார்ஜர்காரரின் லாபமல்ல. அவருக்கு வரும் மின் இணைப்பும், அந்த இணைப்புக்கான கட்டண அமைப்பும், அதன் மேல் ஏறும் வரியும் சேர்ந்த தொகை அது. மின்கட்டணத்தை நிர்ணயிக்கும் ஒழுங்குமுறை ஆணையம் கறாராக இருக்க வேண்டியது அந்த இணைப்பு விஷயத்தில். சார்ஜரை ஓரளவு அதன் போக்கில் விட்டுவிடலாம். ஏன் அப்படிச் சொல்கிறேன் என்று பார்ப்போம்.

முதலில் சட்டம். 2003-ம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 12-வது பிரிவுப்படி உரிமம் இல்லாமல் யாரும் மின்சாரத்தை விநியோகிக்கவோ வியாபாரம் செய்யவோ முடியாது. அப்படியானால் டீக்கடை வாசலில் ஒரு சார்ஜர் வைத்து யூனிட்டுக்கு இவ்வளவு என்று காசு வாங்குவதும் உரிமமில்லாத மின் விற்பனைதானே? 2018 வரை இந்தச் சந்தேகம் பலரைக் கட்டிப்போட்டிருந்தது. 2018 ஏப்ரல் 13 அன்று மத்திய மின் அமைச்சகம் ஒரு விளக்கக் கடிதம் வெளியிட்டது. பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றும்போது மின் ஆற்றல் வேதி ஆற்றலாக மாறிச் சேமிக்கப்படுகிறது. ஸ்டேஷன்காரர் மின்சாரத்தைக் கடத்தவும் இல்லை, விநியோகிக்கவும் இல்லை, வியாபாரம் செய்யவும் இல்லை, அவர் செய்வது ஒரு சேவை. ஆகவே உரிமம் தேவையில்லை என்றது அந்தக் கடிதம்.

இயற்பியல் ஆசிரியர் இதைப் படித்தால் சிரிப்பார். அந்த வாதப்படி பார்த்தால் மிக்சிக்குப் போகும் கரண்ட்கூட இயந்திர ஆற்றலாகத்தான் மாறுகிறது. ஆனால் சட்டத்தைத் திருத்தி நாடாளுமன்றம் வழியாகக் கொண்டுவர ஆகும் காலத்தை நினைத்தால், ஒரே கடிதத்தில் கதவைத் திறந்துவிட்டது சாமர்த்தியமான வேலை. கலிபோர்னியா இதையே 2011-ல் சட்டமாகவே எழுதி வைத்தது: வாகனங்களுக்கு சார்ஜ் ஏற்றிக் கொடுப்பவர் அந்த ஒரு காரணத்தால் மட்டும் பொதுப் பயன்பாட்டு நிறுவனம் ஆகிவிட மாட்டார், ஆணையம் அவருடைய விலையை நிர்ணயிக்காது.

இந்தச் சாமர்த்தியத்துக்கு ஒரு விலையும் உண்டு. மின்சாரத்துக்கு ஜி.எஸ்.டி. கிடையாது, சேவைக்கு 18 சதவீதம். மைசூரைச் சுற்றியுள்ள மாவட்டங்களுக்கு மின் விநியோகம் செய்யும் சாமுண்டேஸ்வரி மின் விநியோகக் கழகம், தன் சார்ஜிங் ஸ்டேஷன்களில் வாங்கும் ஆற்றல் கட்டணத்துக்கும் சேவைக் கட்டணத்துக்கும் வரி உண்டா என்று கர்நாடக ஜி.எஸ்.டி. முன்தீர்ப்பு ஆணையத்திடம் (எதற்கு எவ்வளவு வரி என்று முன்கூட்டியே சொல்லும் அமைப்பு) கேட்டது. இரண்டும் சேர்ந்து ஒரே சேவைதான், மொத்தத்துக்கும் 18 சதவீதம் கட்ட வேண்டும் என்று 2023-ல் பதில் வந்தது. கேட்டது தனியார் கம்பெனி அல்ல, அரசின் மின் விநியோக நிறுவனம் என்பதைக் கவனியுங்கள். ஆக, நீங்கள் சொல்வதுபோல் மின்வாரியமே ஸ்டேஷன் வைத்தாலும் இந்த வரி உங்கள் பில்லை விட்டு இறங்காது. கணக்குக்காக கரண்ட் 8 ரூபாய், சேவை 12 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். இருபதுக்கு வரி 3 ரூபாய் 60 காசு. வீட்டு பிளக்கில் இந்த 3.60 கிடையாது. வண்டி வாங்கும்போது 5 சதவீத வரி என்று சலுகை கொடுத்துவிட்டு, அதற்கு சார்ஜ் போடும்போது 18 வாங்குவதில் என்ன தர்க்கம் இருக்கிறது என்பதை ஜி.எஸ்.டி. கவுன்சில்தான் சொல்ல வேண்டும்.

அடுத்து, விலையில் பெரிய வித்தியாசத்தை உண்டாக்குவது நிலைக் கட்டணம். வீட்டு பில்லில் இது நம் கண்ணில் படுவதில்லை. வணிக இணைப்புகளிலும் உயரழுத்த இணைப்புகளிலும் நீங்கள் எத்தனை யூனிட் ஓட்டினாலும் ஓட்டாவிட்டாலும், வாங்கி வைத்திருக்கும் லோடுக்கு (அனுமதிக்கப்பட்ட மின் அளவுக்கு) மாதாமாதம் ஒரு தொகை கட்டியாக வேண்டும். கல்யாண மண்டப வாடகை மாதிரி, ஐம்பது பேர் சாப்பிட்டாலும் ஐந்நூறு பேர் சாப்பிட்டாலும் தொகை ஒன்றுதான். 60 கிலோவாட் டி.சி. (நேர்மின்னோட்ட) ஃபாஸ்ட் சார்ஜர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். கிலோவாட்டுக்கு மாதம் 300 ரூபாய் என்று ஒரு பேச்சுக்கு வைத்தால் மாதம் 18,000 ரூபாய். தினமும் மூன்று கார் வந்து ஆளுக்கு 20 யூனிட் ஏற்றினால் மாதத்துக்கு 1,800 யூனிட். நிலைக் கட்டணம் மட்டுமே யூனிட்டுக்கு 10 ரூபாய் வந்து விழுகிறது. இன்னும் கரண்டுக்கே காசு கட்டவில்லை! அதே சார்ஜருக்கு தினமும் பதினைந்து கார் வந்தால் 9,000 யூனிட், நிலைக் கட்டணம் யூனிட்டுக்கு 2 ரூபாயாகச் சுருங்கிவிடும். சென்னைக்குள் இருக்கும் ஸ்டேஷன் ஒருவழியாகச் சமாளித்துவிடும். ஊருக்கு வெளியே நாலுவழிச்சாலையில் அவசரத்துக்கு நமக்குக் கைகொடுக்கிற ஸ்டேஷன்தான் இதில் அடிபடும்.

சில்லறைக் கணக்கு இன்னொன்றும் இருக்கிறது. ஸ்டேஷன்காரருக்கு மின்வாரியம் மீட்டர் வைத்திருப்பது சார்ஜருக்கு முன்னால். உங்களிடம் காசு வாங்கும் கணக்கு, சார்ஜரிலிருந்து உங்கள் வண்டிக்குப் போகும் டி.சி.யில். நடுவில் கம்பியில் வரும் ஏ.சி. மின்சாரத்தை டி.சி.யாக மாற்றும்போது நூற்றுக்கு ஐந்து முதல் ஏழு யூனிட் சூடாகப் போய்விடும். வண்டியே வராத நேரத்திலும் திரை, ஃபேன், மோடம் எல்லாம் கரண்ட் தின்றுகொண்டிருக்கும். இதெல்லாம் அவர் கணக்கில்தான் ஏறும்.

ஆகவே பொது சார்ஜிங்குக்கு நிலைக் கட்டணமே இல்லாத, யூனிட் கணக்கு மட்டும் உள்ள ஒற்றைக் கட்டணம் வேண்டும் என்பது பழைய கோரிக்கை. மத்திய அரசின் வழிகாட்டுதல்கள் 2018 டிசம்பரில் முதலில் வந்தபோது கட்டணம் சராசரி வழங்கல் செலவுக்கு (ஒரு யூனிட்டை நுகர்வோரிடம் கொண்டுசேர்க்க மின் நிறுவனத்துக்குச் சராசரியாக ஆகும் செலவு) மேல் 15 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்றன. 2022-ல் ஒற்றைக் கட்டணமாகவும், சராசரி வழங்கல் செலவைத் தாண்டாமலும் இருக்க வேண்டும் என்று இறுக்கினார்கள். 2024 செப்டம்பரில் வந்த புதிய வழிகாட்டுதல்கள் இன்னொரு படி போய், காலை 9 மணி முதல் மாலை 4 மணி வரையிலான சூரிய ஒளி நேரத்தில் சராசரிச் செலவில் 0.7 மடங்கு, மற்ற நேரத்தில் 1.3 மடங்கு என்று பிரித்தன. டெல்லி 2019-ல் தாழ்வழுத்த இணைப்புக்கு யூனிட்டுக்கு 4.50, உயரழுத்தத்துக்கு 4 ரூபாய் என்று ஒற்றைக் கட்டணம் வைத்தது. அங்கே ஸ்டேஷன்கள் பெருகியதில் இதற்குப் பங்கு உண்டு.

இந்தச் சூத்திரத்தில் ஒரு ஓட்டை இருக்கிறது, அதை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. சராசரி வழங்கல் செலவு என்பது அந்தந்த மாநில மின் நிறுவனத்தின் செலவு. நிறுவனம் எவ்வளவு ஊதாரித்தனமாக நடக்கிறதோ, கம்பியில் எவ்வளவு மின்சாரம் இழக்கிறதோ, எவ்வளவு வட்டி கட்டுகிறதோ, அவ்வளவுக்கு உச்சவரம்பும் ஏறும். கடனில் மூழ்கிய மின்வாரியம் இருக்கிற மாநிலத்தில் உச்சவரம்பு இருந்தும் விலை குறையாது. தவிர, மத்திய அரசு எழுதுவது வழிகாட்டுதல்தான். கட்டணத்தை நிர்ணயிக்கும் அதிகாரம் மாநில ஒழுங்குமுறை ஆணையத்தின் கையில். தமிழ்நாட்டில் பொது சார்ஜிங் ஸ்டேஷனுக்குத் தனிக் கட்டண வகை இருக்கிறது. அதற்குள் நிலைக் கட்டணம் எவ்வளவு, பகலுக்கும் இரவுக்கும் வித்தியாசம் எவ்வளவு என்பதெல்லாம் ஆணையம் போடும் உத்தரவைப் பொறுத்தது.

நம் மாநிலத்துக்கு இந்தப் பகல் நேரத் தள்ளுபடி மற்ற எதையும்விட முக்கியம் என்பது என் கருத்து. நண்பகலில் சூரிய மின்சாரம் ஏராளமாக வருகிறது. மாலை ஆறு மணிக்கு மேல், எல்லோரும் வீடு திரும்பி லைட்டும் ஏ.சி.யும் போடும்போது வாரியம் வெளிச்சந்தையில் விலை கொடுத்து வாங்க வேண்டியிருக்கிறது. அந்த நேரத்தில் சார்ஜ் போடுகிறவரைப் பகலுக்குத் தள்ள, விலையைவிட நல்ல கருவி கிடையாது. அலுவலகப் பார்க்கிங், பஸ் டிப்போ, கோயில் வாகன நிறுத்தம் என்று வண்டிகள் பகலில் சும்மா நிற்கும் இடங்களில்தான் சார்ஜர் போக வேண்டும். நாம் இன்னும் பெட்ரோல் பங்க் கணக்கிலேயே யோசித்துக்கொண்டிருக்கிறோம்.

கட்டணத்தைவிடப் பெரிய தலைவலி இணைப்பு வாங்குவது. 60 கிலோவாட் சார்ஜர் ஒன்று, ஒரு 100 கே.வி.ஏ. டிரான்ஸ்பார்மரின் பாதிக்கு மேல் தின்றுவிடும். இரண்டு சார்ஜர் என்றால் அந்தத் தெரு டிரான்ஸ்பார்மர் தாங்காது. விண்ணப்பம் போட்டதும் செக்‌ஷன் ஆபீசிலிருந்து இடத்தைப் பார்க்க வருவார்கள், எஸ்டிமேட் வரும். அதில் புது டிரான்ஸ்பார்மர், கேபிள், சாலை வெட்டும் கட்டணம் எல்லாம் இருக்கும். சில இடங்களில் எஸ்டிமேட் தொகை சார்ஜர் விலையோடு போட்டி போடும். பணத்தைக் கட்டிய பிறகும் டிரான்ஸ்பார்மர் ஸ்டாக் இல்லை, மாநகராட்சி சாலை வெட்ட அனுமதி தரவில்லை என்று இழுக்கும். எனக்குத் தெரிந்த ஒருவர் சார்ஜரை இறக்கி, தார்ப்பாய் போட்டு மூடி வைத்துவிட்டு மாதக்கணக்கில் இணைப்புக்கு நடந்தார். வாங்கிய கடனுக்கு வட்டி மட்டும் தேதி தவறாமல் ஓடியது. அவருடைய ஸ்டேஷனில் நீங்கள் இன்று கொடுக்கும் விலைக்குள் அந்த வட்டியும் இருக்கிறது.

விதி என்னவோ நன்றாகத்தான் இருக்கிறது. மின் நுகர்வோர் உரிமை விதிகளில் 2024 பிப்ரவரியில் கொண்டுவந்த திருத்தப்படி புது இணைப்பு பெருநகரங்களில் 3 நாள், மற்ற நகராட்சிப் பகுதிகளில் 7 நாள், கிராமங்களில் 15 நாளில் கொடுக்க வேண்டும். ஆனால் கம்பித்தடமோ துணைமின் நிலையமோ விரிவாக்க வேண்டியிருந்தால் கூடுதல் அவகாசம் உண்டு என்று ஒரு வாசல் இருக்கிறது. ஃபாஸ்ட் சார்ஜர் விண்ணப்பங்களில் பல அந்த வாசல் வழியாக நழுவிவிடுகின்றன. 150 கிலோவாட் வரை தாழ்வழுத்த இணைப்பிலேயே கொடுக்கலாம் என்று 2024 வழிகாட்டுதல் சொல்வது இதைக் கொஞ்சம் தளர்த்தும்.

மின்வாரியத்திடம் நாம் கேட்க வேண்டியது இங்கேதான் இருக்கிறது. எந்த டிரான்ஸ்பார்மரில் எவ்வளவு லோடு மிச்சம் இருக்கிறது என்ற தகவல் வாரியத்திடம் இருக்கிறது. அதை வரைபடமாக வெளியிட்டால், முதலீடு செய்பவர் லோடு இருக்கும் இடமாகப் பார்த்து இடம் பிடிப்பார். எஸ்டிமேட்டும் குறையும், இழுபறியும் குறையும். மின்சார வாகனங்களுக்கான பி.எம். இ-டிரைவ் மானியத் திட்டத்தில் சார்ஜிங்குக்கு ஒதுக்கிய 2,000 கோடியை மத்திய அரசு பங்கிடும் விதத்திலும் இந்தப் புரிதல் தெரிகிறது. மால், சாலையோரம் போன்ற பொது இடங்களில் சார்ஜருக்கு மானியம் கிடையாது, ஆனால் டிரான்ஸ்பார்மர், கேபிள் போன்ற முன்கட்டமைப்புச் செலவில் 80 சதவீதம் கிடைக்கும். எனக்கு இது சரியான திசையாகப் படுகிறது.

இனி உங்கள் முக்கியக் கேள்வி: வாரியமே நடத்தினால் என்ன? இதில் கலிபோர்னியாவின் அனுபவம் படிக்கத் தகுந்தது. அங்கே பெரிய மின் நிறுவனங்கள் பெரும்பாலும் தனியாருடையவை, ஆனால் ஆணையம் அவற்றின் வருமானத்தை நிர்ணயிக்கிறது. 2011-ல் பெரிய மின் நிறுவனங்கள் பொது சார்ஜர்களைச் சொந்தமாக வைத்திருக்கக் கூடாது என்று ஆணையம் தடை போட்டது. சந்தை எதிர்பார்த்த வேகத்தில் வளரவில்லை. 2014 டிசம்பரில் மொத்தத் தடையை நீக்கி, ஒவ்வொரு திட்டமாகப் பார்த்து முடிவு செய்கிறோம் என்றது. உடனே அங்குள்ள பெரிய மின் நிறுவனங்களில் ஒன்றான பி.ஜி. அண்டு இ. 25,000 சார்ஜர், 65.4 கோடி டாலர் என்று ஒரு மனுவோடு வந்து நின்றது. ஏன் இவ்வளவு ஆர்வம்? முதலீடு செய்யும் ஒவ்வொரு டாலருக்கும் ஆணையம் உறுதி செய்த ஒரு லாப விகிதம் உண்டு, அதைக் கட்டப்போவது மின்சார வண்டி வாங்காத வீடுகளும் சேர்த்துத்தான். சார்ஜர் கம்பெனிகளும் நுகர்வோர் அமைப்புகளும் எதிர்த்தன. கடைசியில் 2016 டிசம்பரில் 7,500 சார்ஜர், 13 கோடி டாலர் என்று வெட்டித்தான் அனுமதித்தார்கள். அதிலும் நிறுவனம் சொந்தமாக வைத்துக்கொள்ளக் கூடியது 35 சதவீதம் வரைதான், அதுவும் அடுக்குமாடிக் குடியிருப்புகள், பின்தங்கிய பகுதிகள் போன்ற இடங்களில். தெற்குக் கலிபோர்னியா எடிசன் என்ற இன்னொரு மின் நிறுவனம் வேறு வழியில் போனது. வாகன நிறுத்துமிடம் வரை கம்பியைக் கொண்டுவந்து தயாராக நிறுத்துவது நிறுவனத்தின் வேலை. சார்ஜரை வாங்கி நடத்துவது இடத்துக்காரரின் பாடு.

ஐரோப்பிய ஒன்றியம் 2019-ல் ஒரே விதியாக எழுதிவிட்டது: மின் விநியோக நிறுவனம் பொது சார்ஜிங் நிலையம் வைக்கக் கூடாது. டெண்டர் விட்டும் நியாயமான விலையில் யாரும் வராத இடத்தில் மட்டும், ஆணையத்தின் ஒப்புதலோடு வைக்கலாம். அப்படி வைத்ததையும் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறையாவது மறுபரிசீலனை செய்ய வேண்டும். நடத்த வேறு ஆள் வந்தால் விலகிக்கொள்ள வேண்டும்.

அதற்காக வாரியம் வைத்தாலே தப்பு என்று நான் சொல்லவில்லை. கேரள மின்வாரியம் 2021-ல் கோழிக்கோட்டில் மின்கம்பத்திலேயே சார்ஜர் மாட்டி ஆட்டோக்காரர்களுக்காகச் சோதித்துப் பார்த்தது. பிறகு மாநிலம் முழுக்க ஆயிரத்துக்கும் மேற்பட்ட கம்பங்களில் மாட்டியது. ஆட்டோ ஸ்டாண்டில் மூன்று கிலோவாட் சார்ஜர் வைத்து எந்தத் தனியாருக்கும் லாபம் வராது. கம்பமும் வாரியத்துடையது, அதில் கரண்டும் ஏற்கனவே இருக்கிறது, எஸ்டிமேட் பஞ்சாயத்து இல்லை. இப்படிப்பட்ட இடத்தில் வாரியம் இறங்குவது நல்லது. தேசிய நெடுஞ்சாலையில் 120 கிலோவாட் ஸ்டேஷன் நடத்தப் போட்டி போட ஆள் இருக்கும்போது அங்கேயும் வாரியமே வந்து நின்றால்தான் சிக்கல். இணைப்பு கொடுக்கும் அதே கை போட்டிக்கடையும் நடத்தினால், எந்த விண்ணப்பம் முதலில் நகரும் என்று சொல்ல ஜோசியம் தேவையில்லை. பழுதான சார்ஜரைச் சரிசெய்ய வாரியம் எத்தனை வேகமாக ஆள் அனுப்பும் என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

தனியார் விநியோகத்துக்கும் இது பொருந்தும். மும்பையில் டாடா பவர் மின் விநியோக உரிமமும் வைத்திருக்கிறது, நாடு முழுக்க சார்ஜிங் வலைப்பின்னலும் நடத்துகிறது. மின்சாரச் சட்டத்தின் 51-வது பிரிவு, விநியோக நிறுவனம் வேறு தொழில் செய்யலாம், ஆனால் கணக்கைத் தனியாக வைக்க வேண்டும், விநியோகத் தொழிலின் பணத்தில் அந்தத் தொழிலை வளர்க்கக் கூடாது என்கிறது. விதி எழுதியாகிவிட்டது. இணைப்பு வரிசை பொதுவெளியில் தெரிந்தால்தான் அந்த விதி நடைமுறையில் நிற்கிறதா என்று யாராலும் பார்க்க முடியும்.

ஸ்டேஷன்காரரின் சேவைக் கட்டணத்துக்கு உச்சவரம்பு? மத்திய அரசு 2023-ல் டி.சி. ஃபாஸ்ட் சார்ஜிங்குக்கு சூரிய ஒளி நேரத்தில் யூனிட்டுக்கு 10 ரூபாய், மற்ற நேரத்தில் 12 ரூபாய் என்று ஒரு வரம்பு சொன்னது. கூட்டம் உள்ள ஊரில் அது தேவையே இல்லை, பக்கத்தில் நாலு ஸ்டேஷன் வந்தால் விலை தானாக இறங்கும். தினமும் மூன்று வண்டி வரும் ஸ்டேஷனில் அந்த வரம்புக்குள் கட்டுப்படியாகாது, அவர் மூடிவிட்டுப் போவார். ஹைவேயில் அடுத்த ஸ்டேஷன் அறுபது கிலோமீட்டரில் என்றால் மட்டும் வரம்புக்கு அர்த்தம் இருக்கிறது.

ஆணையமும் அரசும் ஸ்டேஷன்காரரிடம் கறாராக இருக்க வேண்டிய விஷயம் வேறு: சார்ஜர் வேலை செய்கிறதா? பேட்டரியில் எட்டு சதவீதத்தோடு போய் நின்று, திரையில் பிழைச் செய்தியைப் பார்த்தவருக்கு யூனிட் விலை பெரிதாகத் தெரியாது. பிரிட்டன் 2023-ல் கொண்டுவந்த விதிகளில் 50 கிலோவாட்டும் அதற்கு மேலும் உள்ள சார்ஜர்கள் வலைப்பின்னல் அளவில் ஆண்டு சராசரியாக 99 சதவீத நேரம் இயங்கியாக வேண்டும், 24 மணி நேரமும் உதவி எண் இருக்க வேண்டும், செயலி இறக்காமல் கார்டைத் தட்டிப் பணம் கட்ட முடிய வேண்டும் என்று எழுதியிருக்கிறார்கள். தெருமுனைக் கீரைக்கட்டுக்கே யு.பி.ஐ. ஸ்கேன் இருக்கிற நம் ஊரில், சார்ஜ் போட ஏழெட்டுச் செயலியும், ஒவ்வொன்றிலும் நூறு ரூபாய் முன்பணமும் எதற்கு?

இதில் நீங்கள் செய்யக் கூடியது ஒன்று உண்டு. கட்டணத்தை மாற்றும் மனு ஆணையத்துக்குப் போகும்போது பொது அறிவிப்பு வரும், எழுத்து மூலமாகக் கருத்துக் கேட்பார்கள். சிறு தொழில்காரர்களும் விவசாயச் சங்கங்களும் போய் விளாசுகிறார்கள். மின்சார வண்டிக்காரர்கள் வருவது அபூர்வம். அடுத்த முறை எழுதுங்கள். சார்ஜிங் இணைப்புக்கு நிலைக் கட்டணம் கூடாது, பகல் நேரத் தள்ளுபடி கணிசமாக இருக்க வேண்டும், விண்ணப்பித்த தேதியும் இணைப்புக் கொடுத்த தேதியும் செக்‌ஷன் வாரியாக இணையத்தில் வெளியாக வேண்டும் என்று கேளுங்கள். ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம், தமிழிலேயே எழுதலாம். உங்கள் ஊர் ஸ்டேஷன்காரரிடம் அவருடைய எஸ்டிமேட் நகல் கிடைத்தால் அதையும் சேர்த்து அனுப்புங்கள்.